ஒரு காது இல்லாத முயல்

எனக்கு அருவருப்பு சுலபத்தில் வராது. நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் காலையில் முதல் வேலையே மலம், சிறுநீர், சளி இருக்கும் புட்டிகளை வாங்கி, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து, லேபிள் ஒட்டுவதுதான். ஒரு கையில் சளிப் புட்டியை வைத்துக்கொண்டே மதியம் என்ன சாப்பிடலாம் என்று பேச என்னால் முடியும். கூட வேலை செய்கிறவர்கள் எனக்குக் ‘கல்மூக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதம் எனக்குள் வந்து உட்கார்ந்திருப்பது கோபமா, வருத்தமா, வெறும் பொறாமையா என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். மூன்றும் இல்லை. குமட்டல்தான்.

நான் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். அத்தானுக்கு ஒரு டைல்ஸ் கடையில் விற்பனை வேலை. புகைப்பட மாலை வகுப்பில் முதலில் சேர்ந்தவர் அவர்தான். தனியாகப் போய்வர அலுப்பாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவருடைய பழைய கேமராவை எனக்குக் கொடுத்தார். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போகும்போது, “மச்சினி, நீ நல்லா வருவே. உனக்குப் பொறுமை இருக்கு, எனக்குக் கண்ணு இருக்கு,” என்பார். அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வகுப்பு எடுப்பவரை எல்லோரும் சார் என்போம். அவர் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது, படம் எடுப்பதற்கு முன் சட்டத்தை, அதாவது படத்துக்குள் விழும் இடத்தை, சுத்தம் செய்வது. கண்ணை உறுத்தும் பீடித் துண்டு, தொங்கும் வயர், காலித் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு இதில் கொஞ்சம் பயம் உண்டு. பரிசோதனைக்கூடத்தில் எதையும் இடம் மாற்றினால் அன்றைக்கு முழுவதும் வம்பு. அதனால் எதைத் தொடுவதற்கு முன்னாலும் இருந்தது இருந்தபடியே ஒரு படம் எடுத்துக்கொள்வேன். வேலை முடிந்ததும் அதைப் பார்த்துப் பொருட்களைத் திரும்ப வைத்துவிடுவேன். வகுப்பில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அத்தான் வேறு மாதிரி. சார் வேண்டாததை ஒதுக்கச் சொன்னார், இவர் வேண்டியதைச் சேர்க்கவும் ஆரம்பித்தார். அவர் கேமரா பையின் பக்கவாட்டு அறையில் காய்ந்த பூ, உடைந்த வளையல், கைப்பிடி போன கோப்பை, துணி மாட்டும் கிளிப், ஒரு குட்டி ஷூ எல்லாம் இருக்கும். வகுப்பில் அந்தப் பைக்கு ‘மளிகைக்கடை’ என்று பெயர். ஷூ என் அக்கா மகளுடையது. நடக்கப் பழகிய வயதில் போட்டது. இளஞ்சிவப்பு நிறம், முன்பக்கம் ஒரு முயல் முகம். இடது கால் முயலுக்கு ஒரு காது பிய்ந்துபோயிருந்தது. அந்த ஒற்றையைத்தான் அத்தான் பையில் வைத்திருந்தார். காது இரண்டும் உள்ள வலது ஷூ வீட்டில் செருப்பு அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது.

இந்த மாதம் சார் கொடுத்த தலைப்பு, ஆளே இல்லாமல் ஆளைக் காட்டு என்பது. “ஆள் இருக்கக் கூடாது. ஆனா இப்பத்தான் எந்திரிச்சுப் போன சூடு இருக்கணும்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தானும் நானும் கிளம்பினோம். துணிக்கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அவர் வெளியே நின்று பூட்டிய ஷட்டர்களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் துருப்பிடித்த குழாய் ஒன்றை எடுக்கலாம் என்று உள்ளே போனேன். மூத்திர நாற்றம். ஆனால் மருத்துவமனையின் வெளிப்படிக்கட்டை நெருங்க நெருங்க நாற்றம் குறைந்தது. அதுதான் முதலில் எனக்கு உறுத்தியது. சந்து முழுக்கக் குப்பை, படிக்கட்டுக்குக் கீழே மட்டும் பெருக்கியிருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. குழாயைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு பல் துலக்கும் பிரஷ் செருகியிருந்தது. அதன் நார்கள் இன்னும் ஈரம். ஏ.சி.யின் வெளிப்பெட்டி சூடான காற்றைத் துப்பிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு துண்டு, பறந்து போகாமல் இரண்டு மூலையிலும் முடிச்சுப் போட்டு, அந்தக் காற்றிலேயே காய்ந்துகொண்டிருந்தது. படிக்கட்டின் அடியில் அட்டைப்பெட்டிகள் பிரித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. கடைக்காரர்கள் போட்டது போலத் தெரிய வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். வழக்கம்போல் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த செங்கல்லைப் புரட்டினேன். அடியில் பாலித்தீனில் சுற்றிய சோப்புத் துண்டு.

இங்கே ஒருவர் குடியிருக்கிறார். பெண்ணாக இருக்கலாம், சோப்பில் ஒரு நீள முடி ஒட்டியிருந்தது. எனக்கு அப்போது வந்தது பரிதாபம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது சந்தோஷம். கணக்குக்கு விடை கிடைத்த சந்தோஷம். “அத்தான், இங்க வாங்களேன்,” என்று கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிட்டேன்.

அத்தான் வந்து பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். என் கண்ணைப் பாராட்டினார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“எல்லாம் சரி மச்சினி. ஆனா அழுகை வரலையே.”

அட்டைகளை எடுத்துத் தரையில் விரித்தார். துண்டை அவிழ்த்துக் கசக்கி அதன்மேல் போட்டார். பிரஷ்ஷைப் பிடுங்கி மண்ணில் வைத்தார், பிறகு படம் கூட்டமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டார். மளிகைக்கடையிலிருந்து குட்டி ஷூவை எடுத்து அட்டையின் ஓரத்தில் கவிழ்த்தார், நிமிர்த்தினார், மறுபடி கவிழ்த்தார். வெளிச்சம் முயலின் மேல் விழ வேண்டும் என்பதற்காக நான் வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது. “கொஞ்சம் கீழே,” என்றார். கொஞ்சம் கீழே இறக்கினேன்.

முடிந்ததும் என் முதல் படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்தேன். துண்டின் முடிச்சைக்கூட அதே மாதிரி போட்டேன். ஷூ மட்டும் மிச்சம். அது என் முதல் படத்தில் இல்லாத பொருள். அத்தானிடம் நீட்டினேன். அவர் கேமராவின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “கிடக்கட்டும் விடு, வீட்டுல இடத்தை அடைச்சுக்கிட்டு,” என்றார். நான் அதைச் செங்கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

வகுப்பில் என் படத்தைத் திரையில் போட்டதும் சார் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, “சுத்தமா இருக்கும்மா. ஆபீஸ் அலமாரி மாதிரி,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்தது அத்தானின் படம். முன்வரிசையில் உட்காரும் தையல்கார அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சார் எழுந்து நின்று, அதற்கு ‘அம்மா எங்கே’ என்று தானே பெயர் வைத்தார்.

எனக்குக் குமட்டல் தொடங்கியது அங்கேதான் என்று நினைக்கிறேன். அந்த ஷூவை வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் பூங்கா பெஞ்சின் மேல் இருந்தது இதே ஷூதான். அதற்கு முன்னால் ஒரு மூடிய பள்ளிக்கூட வாசலில். தையல்கார அம்மாவே ஒருமுறை அந்த முயலின் காதைத் தைத்துத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டே அழுதார். அழுதுவிட்டு, வந்திருந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். நல்ல பெண்மணிதான், தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடிக்கும் சத்தம் எனக்குக் காதிலேயே நின்றுவிட்டது.

படத்தை நூலகத்தின் நடைகூடத்தில் மாட்டினார்கள். அத்தான் அதைக் கைபேசிக் குழுக்களிலும் அனுப்பினார். அது ஊரெல்லாம் சுற்றியது. வீட்டில் சாப்பிடும்போது அதற்கு வந்த பதில்களை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுவார். அந்தக் குழந்தை எங்கே, யாராவது தேடுங்களேன், என்னால் தூங்க முடியவில்லை. அக்கா மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “அப்பா, எந்தக் குழந்தை?” என்றாள். “கதையில வர்ற குழந்தைடா,” என்றார் அத்தான்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் வேலைக்குப் போகும் வழியில் அந்தச் சந்தின் வாயில் ஆட்கள் நின்றிருந்தார்கள். துணிக்கடை மேனேஜர், வாட்ச்மேன், குழந்தைகள் நல அமைப்பு ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு மேடம். நடுவில் ஒரு பெண். நாற்பது தாண்டியிருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இஸ்திரி போடாத ஆனால் சுத்தமான புடவை. ஒரு விடுதியில் பாத்திரம் துலக்குகிறாராம். படத்தின் மூலையில் பல் மருத்துவமனையின் பலகை பாதி தெரிந்ததை வைத்து மேடம் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மேடத்தின் கையிலிருந்த பாலித்தீன் பைக்குள் ஒரு காது இல்லாத முயல்.

மேடம் குரலை உயர்த்தவே இல்லை. குழந்தையை யாரிடம் விட்டிருக்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பெண் தனக்குக் குழந்தையே இல்லை என்றார். அப்படியானால் இதை எதற்குப் பத்திரமாக ஏ.சி. பெட்டியின் மேல் எடுத்து வைத்திருந்தீர்கள் என்றார் மேடம்.

“பெத்தவ யாராச்சும் தேடி வருவாளேன்னு வச்சேன். கீழ கெடந்தா நாய் தூக்கிட்டுப் போயிருமே.”

“வித்துட்டியா?” என்றார் மேனேஜர். வாட்ச்மேன் சிரித்தார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்த ஷூ வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தது என்று சொன்னேன். மாலை வகுப்புக்காகப் பையில் வைத்திருந்த கேமராவில் என் முதல் படத்தைக் காட்டினேன். அட்டை, துண்டு, பிரஷ், செங்கல். ஷூ இல்லை. மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவர் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை. ஷூ அங்கே இல்லையென்றால் அப்போது குழந்தை அதைப் போட்டுக்கொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்? இதைக் கேட்டு மேனேஜர் பலமாகத் தலையாட்டினார்.

அந்தப் பெண் மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு வர வேண்டும், குழந்தையைப் பற்றிச் சொல்லாவிட்டால் போலீஸுக்கு எழுதிவிடுவோம் என்று மேடம் முடித்தார். படிக்கட்டின் அடியை இரும்புக் கம்பி வைத்து அடைக்க ஆள் சொல்லியாகிவிட்டது என்று மேனேஜர் சொன்னார். விசாரணை முடியும்வரை எதையும் தொட வேண்டாம் என்று மேடம் சொன்னதால்தான் பொறுத்திருக்கிறாராம். அந்தப் பெண் என்னை மட்டும் கவனமாகப் பார்த்தார்.

ஜோடியைக் கொண்டுபோனால்தான் நம்புவார்கள் என்று சாயங்காலம் வீடு திரும்பும்போது தோன்றியது. அக்காவுக்கு ஒரு பழக்கம். மகள் கால் மாற்றிப் போடாமல் இருக்க, எல்லா ஷூவிலும் உள்ளே நகப்பூச்சால் புள்ளி வைப்பாள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு இரண்டு. செருப்பு அலமாரியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடித்தட்டைத் துழாவினேன். அக்கா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். வரிசை தப்பிவிட்டதோ என்று நடுவில் ஒருமுறை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

“ஊரே அவரைத் தூக்கி வச்சுப் பேசுது. நீ இதைக் கொண்டுபோயி அவர் மூஞ்சில பூசப்போறியா?” என்றாள் அக்கா.

“அந்த அம்மாவைப் பிள்ளையை வித்தவங்கிறாங்கக்கா.”

“இல்லாத பிள்ளையை எப்படிடி விக்க முடியும்? தேடிப் பாத்துட்டு அவங்களே விட்டுருவாங்க.”

உள்ளே சோபாவில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தானுக்கு எல்லாம் கேட்டது. நான் பயந்த மாதிரி அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. படம் என்றால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், உண்மையை அப்படியே எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று அன்பாக விளக்கினார். அந்தப் பெண்ணின் கஷ்டம் உண்மைதானே, அதை நாலு பேர் பார்க்கும்படி செய்தது தான்தானே என்றார். பேசிக்கொண்டே லென்ஸின் மேல் வாயால் ஊதினார்.

“போ, குடு. எம் பேரை மட்டும் இழுக்காதே. வீட்டுல கிடந்துச்சுன்னு சொல்லு.”

அக்கா அடுத்த அறைக்குப் போய்விட்டாள். காது இரண்டும் உள்ள முயலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலைக்கு அரைநாள் சொல்லிவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் சிரிக்கும் குழந்தைகளின் படங்கள், மேஜையில் பொம்மைகள், மூலையில் ஒரு சின்ன நாற்காலி. அந்தப் பெண்ணை உட்காரவைத்திருந்த இடத்துக்கு எதிரிலேயே அந்த நாற்காலி காலியாக இருந்தது. மேஜையின் மேல் ஷூக்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உள்ளே இருந்த புள்ளிகளைக் காட்டினேன். அடிப்பகுதியின் தேய்மானத்தைக் காட்டினேன். அக்கா மகள் இதே ஜோடியைப் போட்டிருக்கும் படத்தையும் காட்டினேன். அத்தான் பெயரையும் சொன்னேன். சொல்லாமல் இருக்கலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன், ஆனால் வாயைத் திறந்ததும் அதுதான் முதலில் வந்தது.

மேடம் ஷூக்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, “சரிம்மா, நீங்க போகலாம்,” என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் உடம்பே லேசானது. வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்குத் தங்க இடம் ஏதாவது பார்க்க முடியுமா என்று மேடத்திடம் கேட்டேன். மேடம் வருத்தமாகத்தான் சொன்னார். தாயும் பிள்ளையும் என்றால் தங்க வைக்க ஓர் இல்லம் இருக்கிறது, நேற்றே பேசி அறைகூட ஒதுக்கி வைத்திருந்தார்களாம். தனி ஆள் என்றால் அது அவர்கள் அமைப்பில் வராது. இதைச் சொல்லிக்கொண்டே கைபேசியில் இல்லத்துக்குக் கூப்பிட்டு, அந்த அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்து துணிக்கடை மேனேஜரைக் கூப்பிட்டார். குழந்தை எதுவும் இல்லை என்று உறுதியாகிவிட்டது, எங்கள் பக்கம் வேலை முடிந்தது என்றார்.

அந்தப் பெண்ணோடு சேர்ந்து சந்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. ஒருவேளை நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வெல்டிங்காரர் வந்துவிட்டிருந்தார். படிக்கட்டின் அடியில் கம்பிகளை நிறுத்திப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அட்டைகள் சந்தின் முனையில், மூத்திரம் தேங்கும் இடத்தில் கிடந்தன. மேனேஜர் சாவகாசமாக நின்றிருந்தார்.

“குழந்தை இருந்தாலாவது பாவம்னு ரெண்டு நாள் பாக்கலாம். அதான் இல்லைன்னு ஆயிடுச்சே,” என்றார்.

அந்தப் பெண் ஏ.சி. பெட்டியின் முன்னால் இருந்த துண்டை அவிழ்த்து மடித்தார். பிரஷ்ஷை உருவினார். செங்கல்லுக்கு அடியிலிருந்து சோப்பை எடுத்து, அதிலிருந்த முடியைப் பிரித்துத் தூரப் போட்டார். பைக்குள் எல்லாவற்றையும் வைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான் மொதல்ல பாத்தீங்களா?”

ஆமாம் என்றேன்.

“யாரு கண்ணுலயும் படாதுன்னு நெனச்சேன். எப்படிப் பாத்தீங்க?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அடுத்த இடத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். இங்கே மட்டும் பெருக்கியிருந்தது என்றேன். பிரஷ் ஈரமாக இருந்தது என்றேன். அட்டைகள் ஒழுங்காக இருந்தன, கடைக்காரர்கள் அப்படி அடுக்க மாட்டார்கள் என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

“பெருக்கக் கூடாது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முனையில் கிடந்த அட்டைகளைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப் போனார்.

வீட்டுக்கு வந்து, மேடம் திருப்பிக் கொடுத்துவிட்ட ஜோடியைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்தேன். அத்தான் பெயரைச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். அக்காவின் முகம் சுருங்கியது. அத்தான் இடது கால் ஷூவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஏ.சி. பெட்டியின் கரியும், சந்தின் தூசியும், மேடத்தின் மேஜை மையும் அதன்மேல் படிந்திருந்தன.

“பரவாயில்லையே. நான் மண்ணுல எவ்வளவு தேய்ச்சும் இந்த மாதிரி அழுக்கு ஏறலை,” என்றார். சொல்லிவிட்டுப் பையின் பக்கவாட்டு அறையைத் திறந்தார்.

நான் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். பெரியவர் கையிலிருந்து எதையும் பிடுங்குவது எனக்கு அதுதான் முதல் தடவை. குழாயடிக்குப் போய்ச் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “சித்தி, அது எனக்குப் பத்தாதே, எதுக்குக் கழுவுறீங்க?” என்றாள். தேய்த்துக்கொண்டே இருந்தேன். நுரை கறுப்பாக வழிந்தது. பிறகு சாம்பல் நிறமாக, பிறகு வெள்ளையாக வந்தது. முயல் புதிது போலப் பளிச்சென்று சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் வாயில் உமிழ்நீர் ஊறியது. குழாயைத் திறந்துவிட்டு, கல்மூக்காகிய நான் அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தேன்.